மண்ணிலிருந்து எடுப்பவள்

முந்தானைப் பக்கத்தை இஸ்திரி போட்டு முடித்து, சேலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஜோதிமணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தார். ஊரிலிருந்து சரசு. இறந்துபோன மனைவி நாகவள்ளியின் அக்கா. செய்தி போனதிலிருந்து அழுது ஓய்ந்தவள், இப்போது நடக்க வேண்டியவற்றைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தாள். சவப்பெட்டி எப்போது கொச்சியில் இறங்கும், கோயம்புத்தூரில் படிக்கும் அவர் மகன் விமல் வண்டி பிடித்துக்கொண்டு எப்போது கிளம்ப வேண்டும், முகம் பார்க்கும்படி இருக்குமா. எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏனுங்க மாப்ள, உசுரு போறதுக்கு முந்தி அவளைக் கீழ எறக்குனீங்ளா?"

ஜோதிமணி சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாம்பழ நிறம். போன பொங்கலுக்கு எடுத்தது. டியூட்டிக்குப் போட்டுப் போக முடியாது, வேறு எங்கும் போவதும் இல்லை என்று அவள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

"அப்பறம் கூப்படறனுங்க்கா" என்று வைத்துவிட்டார்.

கட்டிலில் உயிர் போகக்கூடாது என்பது அவர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பாயை விரித்து, நாலு பேர் பிடித்துத் தரையில் இறக்கிவிடுவார்கள். அதைச் செய்யத் தவறிய வீட்டைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவார்கள். அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாகவள்ளி படுத்திருந்தது தீவிர சிகிச்சைப் பிரிவில். டியூட்டிக்குக் கிளம்பச் சீருடை மாட்டிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவேயில்லை. இடுப்பளவு உயரமான கட்டில், சுற்றிலும் கம்பி, வாயிலும் கையிலும் குழாய்கள். குழாய் எதுவும் இல்லாமல் இருந்தது பாதம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரை என்ற ஒன்று இருப்பதே அப்போது அவர் நினைவில் இல்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால், இந்த தோஹாவில் அவர்கள் இருந்தது எல்லாமே உயரத்தில்தான். வீடு ஐந்தாவது மாடி. அவள் நர்ஸாக வேலை பார்த்த பிரசவ அறை நாலாவது மாடி. இத்தனை வருடத்தில் அவள் காலில் செருப்பில்லாமல் மண்ணில் நின்றதை அவர் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

ஒரே ஒரு முறையைத் தவிர.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. சுஐபு வந்துவிட்டார். அவர் காயல்பட்டினத்துக்காரர். கடிகாரக் கடை வைத்திருப்பவர். தமிழ்நாட்டுக்காரர் யார் இறந்தாலும் தூதரகம், போலீஸ், சவக்கிடங்கு என்று அலைந்து, பெட்டி விமானம் ஏறும்வரை கூட நிற்பதை ஒரு தொழுகை மாதிரி செய்துவருபவர். கைம்மாறாக யாரிடமும் ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். ஜோதிமணி சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, சரசு கேட்டதை அவரிடம் சொன்னார். சுஐபு மூச்சை விட்டார்.

"இதுக்கா மொகம் இப்படி இருக்கு? நான் பாஸ்போர்ட் கேன்சல்ல ஏதும் கொளறுபடியோன்னு பயந்துட்டேன்ணே. பெட்டில வைக்கதுக்கு முந்தி ஸ்ட்ரெச்சரோட கீழ எறக்கி வச்சிருவோம். பாத்துக்கிடலாம்."

அந்த 'பாத்துக்கிடலாம்' ஜோதிமணிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகியவர் இல்லை. மனைவியின் விசாவில் வந்தவர். ஏசி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஊரில் மாமன் மச்சான்கள், "பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுட்டு பிளேன் ஏறுனவன்" என்று கேலி பேசுவார்கள். இங்கே அவருடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நாகவள்ளி சிஸ்டரின் ஹஸ்பண்ட். அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்தினால் டாக்ஸிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். "என் ரெண்டாவது பையனை எடுத்தது அவங்கதான்" என்பான். அப்போதெல்லாம் ஜோதிமணிக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வரும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்ததில் என்ன குறை என்று தோன்றும்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வண்டி நுழைந்தது. பழைய கார் நிறுத்துமிடம் இருந்த இடத்தில் இப்போது புதிய கட்டிடம் எழும்பிவிட்டது. அங்கேதான் அது நடந்தது.

அவர் அன்று அவளை அழைத்துப் போக வந்திருந்தார். இரவு டியூட்டி முடித்துக் காலையில் அவள் வெளியே வந்து காரை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வண்டி தாறுமாறாக வந்து மணலில் நின்றது. ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கும் நார்வேக்காரர் ஒருவரின் மனைவி, நிறைமாதம். கணவர் பிளான்ட்டில் இருந்தார். கம்பெனி டிரைவர் அல் கோரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவன், கதவைத் திறந்துவிட்டு, ஆள் கூப்பிட உள்ளே ஓடினான். அந்தப் பெண் இறங்கி இரண்டடி வைத்தாள். அதற்குமேல் முடியாமல் கார்ச் சக்கரத்தில் சாய்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நாகவள்ளி கைப்பையையும் செருப்பையும் எங்கே விட்டாள் என்று தெரியவில்லை. மணலில் மண்டியிட்டிருந்தாள்.

"வண்டிக் கண்ணாடிக்கு வைக்கற தட்டி இருக்குதில்லீங்க, அதை எடுத்துட்டு வந்து மறைச்சுப் புடிங்க. அந்தப் பக்கம் பாத்து நில்லுங்க" என்றாள்.

வெயிலுக்கு முன்கண்ணாடியில் வைக்கும் வெள்ளி நிற மடிப்புத் தட்டி. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் நின்றார். முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாத குரல். வீட்டில் பால் பொங்கும்போதுகூட இதைவிட அவசரமாகக் கத்துவாள். இந்தக் குரல் அவளிடம் இருப்பது அத்தனை வருடம் அவருக்குத் தெரியாது. பிறகு ஓர் அழுகை. பிறகு அவருடைய கையில் ஏதோ ஒன்று வைக்கப்பட்டது. அவள் தோளில் போட்டிருந்த சால்வையில் சுற்றிய, ஈரமும் சூடுமான ஒன்று.

"அப்பன்காரன் வர்ற வரைக்கும் நீங்கதான் புடிச்சிருக்கோணும். பொறந்ததும் ஒரு ஆம்பளை கையில குடுத்தாத்தான் எனக்கு டியூட்டி முடிஞ்ச மாதிரி."

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண், பெரித் என்று பெயர், குழந்தையோடும் கேக்கோடும் அவர்களுடைய ஃப்ளாட்டுக்கு வந்தாள். ஊரில் பள்ளிக்கூடத்தில் மொழி கற்பித்தவளாம். பேச்சு எதிலெதிலோ போய், நாகவள்ளியின் வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டாள். மருத்துவச்சி என்று நாகவள்ளி சொன்னாள். உங்களுடையது என்ன என்று திருப்பிக் கேட்டாள்.

"யூர்மூர்" என்றாள் பெரித். இரண்டு சொற்களை ஒட்டவைத்தது என்று விரலால் காற்றில் வெட்டிக் காட்டினாள். யூர் என்றால் மண். மூர் என்றால் அம்மா.

பூமாதேவி மாதிரியா என்று நாகவள்ளி ஆங்கிலத்தில் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று பெரித் சிரித்தாள். தெய்வத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் தரையிலேதான் பெற்றார்கள். குழந்தை மண்ணில் கிடக்கும். ஒருத்தி குனிந்து அதை மண்ணிலிருந்து தூக்கித் தகப்பன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் அது வீட்டின் பிள்ளை. மண்ணிலிருந்து எடுத்த அம்மா என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஆனால் படித்தவர்களில் சிலர் வேறு மாதிரியும் சொல்வதுண்டு என்றாள். முதலில் அந்தச் சொல்லில் மண்ணே இல்லையாம். பச்சைக் குழந்தைக்கு இருந்த ஒரு பழைய சொல்தான் இருந்ததாம். அது ஜனங்களுக்கு மறந்துபோய், அந்த இடத்தில் மண் வந்து உட்கார்ந்துகொண்டதாம். எது உண்மை என்று தனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கார் நிறுத்துமிடத்துக்குப் பிறகு முதலாவதைத்தான் நம்புவது என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள்.

அவள் போன பிறகு, தட்டுகளைக் கழுவிக்கொண்டே நாகவள்ளி அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ரெண்டாவதும் நல்லாத்தானுங்க இருக்குது. கொழந்தைங்கறதை மறந்துபோட்டுக்கூட மண்ணை மறக்கலீன்னா, மண்ணுல இருந்து எடுக்கறதைக் கண்ணால பாத்துட்டேதான இருந்திருப்பாங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மூடிவிட்டு மறுபடியும் சொன்னாள். "நம்ம ஊர்லயும் மண்ணுல விழுந்த நேரம் என்னன்னுதான கேக்கறோம். ஜாதகம் முச்சூடும் விழுந்ததைத்தான் எழுதறோம். எடுத்தது ஆருன்னு ஒருத்தரும் எழுதறதில்ல, பாருங்க."

அந்தச் சொல் பிரசவ அறைக்கும் போய்விட்டது. கேரளத்து நர்ஸ்கள், ஃபிலிப்பினோ நர்ஸ்கள், மேலப்பாளையத்து ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், எல்லோரும் ஷிஃப்ட் மாறும்போது "இன்னிக்கு யூர்மூர் யாரு" என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். கேலியாக ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் பட்டம் மாதிரி ஆகிவிட்டது. தலைமை நர்ஸாகி மேசைக்குப் போன பிறகும் நாகவள்ளி மேசையில் உட்கார்ந்ததில்லை. புதிதாக வரும் பெண்களின் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர்களில் பலருக்கு அவள் முகத்தைவிட, தோளுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரல்தான் நன்றாகத் தெரியும்.

சவக்கிடங்கின் வாசலில் அவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். டியூட்டி முடிந்தவர்கள் வெள்ளைச் சீருடையோடும், விடுமுறையில் இருந்தவர்கள் வீட்டு உடையோடும். பக்கத்து ஃப்ளாட் பானுமதியும் இருந்தாள். கொஞ்சம் தள்ளி, வெயிலில் முகம் சிவந்து பெரித். அல் கோரிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஜோதிமணியைப் பார்த்ததும் கையைப் பிடித்தாள்.

ஜன்னத்து வந்து சேலைப் பையை வாங்கிக்கொண்டாள். "நாங்களே உடுத்திருதோம்ண்ணே. வேற ஆளு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர்கள் வெளியே வந்தபோது நாகவள்ளி மாம்பழ நிறச் சேலையில் இருந்தாள். நெற்றியில் பொட்டு சரியான இடத்தில் இருந்தது. விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய நகங்கள். மோதிரம் வளையல் எதுவும் அவள் போட்டதில்லை. குழந்தைக்குக் கீறிவிடும் என்பாள். கல்யாணமான புதிதில் அதற்காக அவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

சுஐபு சவக்கிடங்கு ஊழியரிடம் பேசி முடித்திருந்தார். உயரமான சூடானிக்காரர். முதலில் தயங்கி, பிறகு தலையசைத்து, ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். "வாங்கண்ணே, எறக்கிரலாம்" என்றார் சுஐபு.

ஜோதிமணி தரையைப் பார்த்தார். பளபளவென்று சாம்பல் நிற டைல்ஸ். ஓரத்தில் கீழே போகும் படிக்கட்டும், அதன்மேல் கார் படம் போட்ட பலகையும் இருந்தன. அடியில் எங்கோ ஒரு வண்டி கிளம்பும் சத்தம் காலுக்குக் கீழே அதிர்ந்தது.

"வேண்டாங்க" என்றார்.

"என்னண்ணே?"

"இது தரையில்லீங்க சுஐபு. அடியில இன்னொரு மாடி இருக்குது. வண்டியெல்லாம் நிக்குது."

சுஐபு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. பெட்டி குறித்த நேரத்துக்குள் கார்கோவில் இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். இன்றைக்குத் தவறினால் நாளை வெள்ளிக்கிழமை, ஒரு வேலையும் நடக்காது. அங்கே பையன் கொச்சியில் வந்து காத்துக்கொண்டு நிற்பான். வெளியே கொண்டுபோய் வைக்க இவர்கள் விடமாட்டார்கள். இந்தக் கதவிலிருந்து ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸிலிருந்து ஏர்போர்ட்.

"அல்லாஹ் நாயன் மனசைத்தான் பாப்பான்ணே" என்று கடைசியில் சொன்னார்.

ஜோதிமணி நாகவள்ளியின் பாதத்தைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "செரிங்க. பெட்டியை மூடிருங்க."

மூடினார்கள். திருகாணிகளை முடுக்கும் சத்தம் கேட்டபோது பானுமதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தள்ளுவண்டியில் ஏற்றி, பின்பக்கக் கதவைத் திறந்து, சரிவில் இறக்கினார்கள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வழக்கமான இடத்தில் இல்லை, தள்ளி நின்றது. குழாய் பதிப்பதற்காக நடைபாதைக் கற்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். குழாய் பதித்து மூடியாகிவிட்டது, கற்களை மட்டும் இன்னும் திரும்பப் பதிக்கவில்லை. சரிவுக்கும் வண்டிக்கும் நடுவே வெறும் மணல்.

தள்ளுவண்டியின் முன் சக்கரம் அதில் இறங்கியது. சூடானிக்காரர் தள்ளிப் பார்த்தார். சக்கரம் இன்னும் ஆழமாகப் புதைந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர், பாகிஸ்தான் பட்டாணி ஒருவர், இறங்கி வந்தார். "யல்லா, உடாவ் பாய்" என்று கையைக் கொடுத்தார். நாலு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். தலைமாட்டில் ஜோதிமணி. மணலில் செருப்பு புதையப் புதைய இரண்டு மூன்றடி வைத்தார்கள்.

"இங்க எறக்குங்க" என்றார் ஜோதிமணி.

பட்டாணி என்ன ஆயிற்று என்று கேட்டார். சுஐபு அவரைப் பார்த்து, "ஏக் மினிட் பாய்" என்றார். பெட்டி மெல்லத் தாழ்ந்தது. மணலில் அமரும்போது சர்க்கரை மூட்டையைக் கீழே வைத்தது போல ஒரு சத்தம். ஜோதிமணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் தொடவில்லை. அதன் ஓரத்து மணலில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். பெட்டியின்மேல் நிழல் விழுந்தது. பெரித் தன் காரிலிருந்து வெள்ளி நிறத் தட்டியை எடுத்து வந்து, இரண்டு கையாலும் விரித்து, தலைமாட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோதிமணி நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. உதடு மட்டும் இறுகியிருந்தது.

போதும் என்று தோன்றியபோது அவர் எழுந்தார். சுஐபும் பட்டாணியும் குனியப் போனார்கள். அதற்குள் ஜன்னத்து முன்னால் வந்துவிட்டாள்.

"நீங்க விடுங்க சுஐபு காக்கா. நாங்க எடுக்கோம்."

சுஐபு ஜோதிமணியைப் பார்த்தார். பொம்பளைங்க தூக்குறதா என்று அந்தப் பார்வையில் இருந்தது. ஜோதிமணி பின்னால் நகர்ந்து இடம் விட்டார். பெரித்தின் கையிலிருந்து தட்டியை வாங்கிக்கொண்டார். அவள் போய் அவர்களோடு சேர்ந்தாள். கேரளத்துப் பெண்கள், ஃபிலிப்பினோ பெண்கள், பானுமதி, எல்லோரும் இரண்டு பக்கமும் மணலில் மண்டியிட்டார்கள். புதுப் பெண் ஒருத்தி பக்கத்துக் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"இழுக்காத" என்றாள் ஜன்னத்து. அவசரமில்லாத குரல். "அடியில கை குடு. குடுத்துட்டு இரு. தானா வரும்."

அந்தக் குரல் யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மணலைத் தோண்டிக்கொண்டு கைகள் பெட்டிக்கு அடியில் போயின. ஜோதிமணி தட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தங்கள் கேட்டன. பிறகு மணல் உதிரும் சத்தம். நிழலை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டி எழுந்துவிட்டிருந்தது.

கார்கோவில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. தாள்களில் முத்திரை விழும்வரை ஒரு தூணருகே நின்று ஜோதிமணி ஊருக்குப் பேசினார். சரசு முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, காலையில கேட்டீங்ளே. உசுரு போறப்ப முடியலீங்க. இப்பத்தான் எறக்குனோம். மண்ணுல."

"எடுத்தது ஆருங்க மாப்ள?"

"அவ கூட வேலை பாத்தவங்கதானுங்க. எல்லாம் பொம்பளைங்க."

சரசுவுக்குப் பின்னால் யாரோ பந்தலுக்குக் கம்பு நட இடம் கேட்பது கேட்டது.

"செரிங்க" என்றாள். "பாத்து வாங்க."

அவர் திரும்பி வந்தபோது நேபாளி ஊழியன் ஒருவன் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். அடிப்பலகையின் விளிம்பெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. பாலிஷ் வெயிலில் இளகியிருந்ததால் சில இடங்களில் விரல் தடங்களோடு பிடித்துக்கொண்டிருந்தது. அவன் இடுப்பிலிருந்து துணியை உருவினான்.

"ரஹ்னே தோ பாய்" என்றார் ஜோதிமணி. "துடைக்க வேண்டாம்."

அவன் அவரைப் பார்த்தான். துணியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டான். வண்டியைத் தள்ளினான். பெட்டி உள்ளே போன வழியெல்லாம், சிமெண்டுத் தரையில் மெல்லிய மணல் கோடு ஒன்று விழுந்துகொண்டே போனது.